சலங்கை கட்டும் பிள்ளைக்குச் சிக்கன உடை
(இணைய ஏலத்தில் பழைய நாட்டிய உடை வாங்குவது பற்றிச் சில பாடங்கள்)



நாட்டியத்தைப் பற்றி எழுத இவருக்கு என்ன தகுதி என்று சங்க அன்பர்கள் நினைக்கக்கூடும். எனக்குத் தாளமும் தெரியாது, முத்திரையும் தெரியாது. ரயில்வேயில் பாதைப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். ஆனால் கழித்த தண்டவாளமும் பழைய ஸ்லீப்பரும் ஏலம் போகும் இடத்தில் பல முறை நின்றிருக்கிறேன். ஏலத்தில் எப்படிப் பொருள் போகிறது, எப்படிப் பணம் போகிறது என்பது எனக்கு ஓரளவு தெரியும். தெரிந்தும் ஒருமுறை ஏமாந்தேன். அந்த அனுபவம் நம் எல்லைப் பகுதித் தமிழ்க் குடும்பங்களுக்குப் பயன்படலாம் என்றே இதை எழுதுகிறேன்.

2023-ஆம் ஆண்டு ஜூன் மாதம், கொழிஞ்சாம்பாறையில் எங்கள் தெருவில் உள்ள ஓர் அம்மாள் என் வீட்டுக்கு வந்தார். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு மில்லுக்கு வேனில் வேலைக்குப் போகிறவர். மகள் அப்போது எட்டாம் வகுப்பு. தமிழ் மீடியத்தில் படிக்கிறாள். நான்கு வருடமாகப் பரதநாட்டியமும் கற்கிறாள். அவளுக்கு நான் கணக்குச் சொல்லிக் கொடுத்த பழக்கம்.

"அய்யா, இந்த வருசம் கலோத்சவத்துக்குப் பேரு குடுக்க வேண்டாமுன்னு டீச்சர்கிட்ட சொல்லீடுங்க. துணிக்கே எட்டாயிரத்து ஐநூறு கேக்கறாங்க. நமக்கு ஆகாதுங்க" என்றார் அந்த அம்மாள். பெண் வாசற்படியில் தலை குனிந்து நின்றிருந்தாள்.

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் அல்ல. நாம் யுவஜனோத்சவம் என்று சொல்லிப் பழகிய கேரளப் பள்ளிக் கலோத்சவம் 1957 ஜனவரியில் எர்ணாகுளத்தில் தொடங்கியது. பள்ளி, உபஜில்லா, ஜில்லா, மாநிலம் என்று நான்கு படி ஏற வேண்டும். ஆடம்பரம் கூடாது என்று கல்வித்துறை திரும்பத் திரும்பச் சொல்லி வந்திருக்கிறது. இருந்தும் நடன இனங்களில் உடையும் நகையும் ஒப்பனையும் ஏழைப் பெற்றோரின் தலையில் பெரும் பாரமாகவே இருக்கின்றன. பாலக்காட்டின் கிழக்கு ஓரத்திலும், தேவிகுளம், பீர்மேடு தோட்டப் பகுதிகளிலும் கால் நன்றாக வரும் பிள்ளைகள் துணிக்காகவே பின்வாங்குவதைப் பார்க்கிறோம். ஆனால் சிறுமி வளர்ந்துவிட்டால் அதே உடை வேறொரு வீட்டில் இரண்டே வருடத்தில் அலமாரிக்குப் போய்விடுகிறது. இந்த அலமாரிக்கும் அந்த வாசற்படிக்கும் நடுவே பாலம் போட இன்று இணைய ஏலம் இருக்கிறது. பாலத்தில் நடக்கத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே.

பாடம் 1: வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

முதலில் இந்தக் கேள்வியைத் தீர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்தில் அப்போது ஒரு நாள் வாடகை ரூ. 800, முன்பணம் தனி. பழைய உடையை வாங்கிச் சீராக்க மொத்தம் ரூ. 3,600 ஆகும் என்று வையுங்கள். 3,600-ஐ 800-ஆல் வகுத்தால் நாலரை வருகிறது. பிள்ளை அந்த உடையில் ஐந்து மேடைக்கு மேல் ஏறுவாள் என்றால் வாங்குவது லாபம். பள்ளிப் போட்டி, உபஜில்லா, ஆண்டு விழா, கோயில் திருவிழா என்று இரண்டு வருடத்தில் ஐந்து மேடை எளிதாகச் சேர்ந்துவிடும். ஒரே ஒரு மேடை என்றால் வாடகையே போதும். உங்கள் ஊர் வாடகையைக் கேட்டு இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

பாடம் 2: உடையின் உறுப்புகள்

சேலையைச் சுற்றிக் கட்டி ஆடிய காலம் போய், 1936-இல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி அருண்டேல் அவர்களின் காலத்துக்குப் பிறகு தைத்த உடை பரவியது. இன்று பரதநாட்டிய உடை என்பது பெரும்பாலும் ஐந்து துண்டு: ரவிக்கை, கால்சட்டை, முன்புற விசிறி, மேலாக்கு, இடுப்பைச் சுற்றி வரும் பின் துண்டு. தையற்காரருக்குத் தையற்காரர் பெயர் மாறும். எண்ணிக்கையும் சற்று மாறும். ஆகவே "முழு செட்" என்று எழுதியிருந்தால் நம்பிவிடாமல், எத்தனை துண்டு, என்னென்ன என்று எண்ணிக் கேளுங்கள். விசிறி இல்லாத உடை, எஞ்சின் இல்லாத ரயில்.

நெற்றிச்சுட்டி, ராக்குடி, ஒட்டியாணம், வங்கி முதலிய நகைகளும் சலங்கையும் இந்தக் கணக்கில் வருவதில்லை. நகை எல்லா அளவு உடம்புக்கும் ஏறக்குறையப் பொருந்தும் என்பதால் அதை இரவல் வாங்கிச் சமாளிக்கலாம். உடைதான் ஆளுக்கு ஆள் பொருந்த வேண்டிய பொருள்.

பாடம் 3: வயதை நம்பாதே, டேப்பை நம்பு

நான் ஏமாந்தது இங்கேதான். ஜூலை மாதம், நாட்டியப் பிள்ளைகளின் தாய்மார் நடத்தும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் கிளிப்பச்சை உடை ஒன்று ஏலத்துக்கு வந்தது. அரக்குக் கரை. பெண்ணுக்கு மிகவும் பிடித்துவிட்டது. "12 முதல் 14 வயது வரை" என்று எழுதியிருந்தது. இவளுக்குப் பதின்மூன்று. வேறு என்ன பார்க்க வேண்டும் என்று நினைத்து நான் ஏலத்தில் இறங்கிவிட்டேன்.

வந்த உடையை எடுத்துக்கொண்டு தையற்காரரிடம் போனோம். ரவிக்கையில் மார்பளவு இரண்டு அங்குலம் கூட்ட வேண்டும். உள்ளே விட்டிருந்த துணி அரை அங்குலம்தான். கால்சட்டை மூன்று அங்குலம் குட்டை. கவட்டைத் தையல் பழுத்து நூல் நூலாக வந்தது. "இதில் கை வைக்க முடியாது சார்" என்று மடித்துக் கொடுத்துவிட்டார்.

ஆகவே ஏலத்தைப் பார்ப்பதற்கு முன்பே பிள்ளையை நிற்க வைத்து இந்த அளவுகளை எடுத்து ஒரு தாளில் எழுதி வையுங்கள்:

1. தோள், மார்பு, இடுப்பு, இருக்கை ஆகியவற்றின் சுற்றளவு (தோளுக்கு அகலம்).
2. ரவிக்கையின் நீளம், கை நீளம், கையின் சுற்றளவு, அக்குள் சுற்றளவு.
3. இடுப்பிலிருந்து கணுக்கால் வரை கால்சட்டையின் நீளம். தொடை, கணுக்கால் சுற்றளவு.
4. இடுப்பிலிருந்து முன்பக்கமாகக் கவட்டை வழியே சென்று பின் இடுப்பு வரை உள்ள நீளம்.

நான்காவது அளவை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பரதநாட்டியத்தில் பிள்ளை பாதி நேரம் அரைமண்டியில் இருக்கிறாள். நிற்கும்போது பொருந்திய கால்சட்டை அரைமண்டியில் கிழிவது இந்த அளவு குறைவதால்தான். இதையும் தொடை அளவையும் அரைமண்டியில் உட்காரச் சொல்லி இன்னொரு முறை எடுங்கள். அப்போது இடுப்பிலிருந்து முழங்கால் வரை எவ்வளவு என்றும் குறித்துக்கொள்ளுங்கள். விசிறி விரிந்து நிற்க வேண்டிய இடம் அதுதான்.

விற்பவரிடம் பிள்ளையின் அளவைக் கேட்கக் கூடாது. உடையின் அளவைக் கேட்க வேண்டும். தரையில் பரப்பி, மேலே இஞ்சு டேப்பை வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கடைசியாக ஒரு கேள்வி: "ரவிக்கையின் பக்கத் தையலில் உள்ளே எத்தனை அங்குலம் துணி விட்டிருக்கிறது?" நல்ல தையற்காரர்கள் வளரும் பிள்ளைக்கு ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை அங்குலமாவது விட்டுத் தைப்பார்கள். பெரிய உடையைச் சிறிதாக்கலாம். உள்ளே துணி இல்லாத சிறிய உடையைப் பிரம்மாவே வந்தாலும் பெரிதாக்க முடியாது.

பாடம் 4: பல் பிடித்துப் பார்த்தல்

பொள்ளாச்சிச் சந்தையில் மாட்டைப் பல் பிடித்துப் பார்க்காமல் யாராவது விலை பேசுவார்களா? இடுக்கியில் ஏலக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டன்மேட்டுக்குப் பக்கத்தில் உள்ள புற்றடியிலும், மலைக்கு அந்தப் பக்கம் போடிநாயக்கனூரிலும் ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் நடக்கிறது. வியாபாரிகள் கம்ப்யூட்டர் முன்னே உட்கார்ந்துதான் விலை கேட்கிறார்கள். ஆனால் மாதிரிக் காயைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகே பொத்தானை அழுத்துகிறார்கள். பழைய இரும்பு ஏலத்திலும் "உள்ளது உள்ளபடி, உள்ள இடத்தில்" என்பதுதான் நிபந்தனை. ஆகவே முன்கூட்டிப் போய்ப் பார்ப்பது வாங்குபவர் பொறுப்பு.

உடையை நேரில் பார்க்க முடியாவிட்டால், பகல் வெளிச்சத்தில் எடுத்த கீழ்க்கண்ட படங்களைக் கேட்டு வாங்குங்கள்:

ரவிக்கையைப் புரட்டி அக்குள் பகுதி. வியர்வை முதலில் கெடுப்பது இந்த இடத்தைத்தான். பட்டு இங்கே நிறம் வெளுத்து, தொட்டால் கிழியும் நிலையில் இருந்தால் விட்டுவிடுங்கள்.

கால்சட்டையைப் புரட்டிக் கவட்டைத் தையல்.

விசிறியின் மடிப்பு, விரித்தும் மூடியும் இரண்டு படம். மடிப்பு கலைந்தால் மறுபடி பிடித்து இஸ்திரி போட்டுவிடலாம். ஆனால் மடிப்பு முனையில் துணி இற்றுப்போயிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

ஜரிகைக் கரை, கிட்டத்தில். கறுத்த ஜரிகை பழையபடி மின்னாது. மேடை விளக்கில் சிறிது கறுப்பு தெரியாது என்பதும் உண்மை. விலையைக் குறைக்க அது நமக்கு ஒரு காரணம்.

கொக்கிகள், நாடாக்கள். இவை போனாலும் கவலை வேண்டாம், சிறு செலவுதான்.

"சுத்தப் பட்டு" என்ற வார்த்தைக்கு மட்டும் பணம் கொடுக்காதீர்கள். உள்தையலில் இருந்து இரண்டு நூலை உருவித் தீயில் காட்டினால், பட்டு தலைமயிர் கருகும் நாற்றத்தோடு எரிந்து, விரலில் தேய்த்தால் பொடியாகும். பாலியெஸ்டர் உருகி மணி போலக் கெட்டியாகும். போட்டிக்குப் போகும் பிள்ளைக்குப் பட்டு அவசியமே இல்லை. பட்டும் பருத்தியும் கலந்ததோ செயற்கைப் பட்டோ விலை குறைவு, வியர்வையைத் தாங்கும்.

பாடம் 5: ஏலத்தின் கணக்கு

இணைய ஏலம் பெரிய அளவில் தொடங்கியது 1995-இல் அமெரிக்காவில் பியர் ஒமிடியார் தொடங்கிய தளத்தில். பின்னாளில் அதுதான் ஈபே ஆயிற்று. நம் நாட்டில் 2000-இல் வந்த பாஸி டாட் காம் நிறுவனத்தை 2004-இல் ஈபே வாங்கியது. அந்த இந்தியத் தளம் 2018 ஆகஸ்டில் மூடப்பட்டது. வெளிநாட்டில் ஈபே இன்னும் நடக்கிறது. அங்கே பரதநாட்டிய உடையும் வருகிறது. ஆனால் தபால் செலவும் சுங்கமும் சேரும். உபயோகித்த துணியை இறக்குமதி செய்ய நம் நாட்டில் கட்டுப்பாடும் உண்டு. எனவே அமெரிக்காவில் உள்ள மருமகள் அங்கே வாங்கிக் கையில் கொண்டு வந்தால் ஒழிய அது நமக்கு வேண்டாத வேலை. நமக்கு உள்ளவை இரண்டு வழி: பழைய பொருள் விளம்பரத் தளங்களில் பேரம் பேசுவது, நாட்டியப் பெற்றோர் குழுக்களில் நடக்கும் ஏலத்தில் கேட்பது.

ஏலத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று, எல்லோரும் பார்க்க ஏறுமுகமாகக் கேட்பது. நம் கோயில் ஏலம் போல ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். மற்றொன்றில் உங்கள் உச்ச விலையைத் தளத்திடம் இரகசியமாகச் சொல்லிவிட வேண்டும். மற்றவர் ஏற ஏற, தளமே உங்களுக்காகத் தேவையான அளவு மட்டும் ஏற்றும். உங்கள் உச்சம் ரூ. 3,000, அடுத்தவர் உச்சம் ரூ. 2,700, படி ரூ. 100 என்றால், ரூ. 2,800-க்கு உங்களுக்கு முடியும். 3,000 கொடுக்க வேண்டியதில்லை. இந்த முறையில் உண்மையான உச்சத்தைச் சொல்வதுதான் புத்திசாலித்தனம்.

எந்த முறையானாலும் உச்ச விலையை ஏலம் தொடங்குவதற்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். ரயில்வேயில் எஸ்டிமேட் போடாமல் ஒரு கல் நகராது. நான் பிற்பாடு போட்ட எஸ்டிமேட் இது:

புதிய உடையின் விலை: ரூ. 8,500
பாதி ஆயுள் மீதி என்று கொண்டால்: ரூ. 4,250
கழிக்க, தையற்காரர் கூலி: ரூ. 650
கழிக்க, கூரியர்: ரூ. 150
கழிக்க, எதிர்பாராச் செலவு: ரூ. 450
உச்ச விலை: ரூ. 3,000

முதல் தடவை இப்படி எழுதவில்லை. மூவாயிரம் வரை போகலாம் என்று மனத்தில் ஒரு எண்ணம் மட்டும் இருந்தது. இரவு எட்டரை மணிக்கு விலை 3,200 ஆயிற்று. கோயம்புத்தூரிலிருந்து யாரோ ஒருவர் விடாமல் ஏற்றினார். பெண் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் ஏற்றினேன். ஒன்பது மணிக்கு ரூ. 4,700-க்கு என் பெயரில் முடிந்தது. அந்தப் பெண்ணை விட நான்தான் அன்று அதிகம் சந்தோஷப்பட்டேன். கூரியர் 150 சேர்த்து ரூ. 4,850. அதில் இரண்டாயிரம் அந்த அம்மாள் சீட்டுப் பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தது.

1971-இல் அமெரிக்க எண்ணெய்க் கம்பெனி எஞ்சினியர்கள் மூவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். கடலடி எண்ணெய் வயல்களை ஏலத்தில் எடுத்த கம்பெனிகள் எதிர்பார்த்த லாபம் பெறாமல் போனது ஏன் என்பது விஷயம். பலர் கேட்கும் ஏலத்தில், பொருளின் மதிப்பை எல்லோரையும் விட மிகையாகக் கணித்தவரிடமே அது போய்ச் சேருகிறது. ஆகவே வெற்றியே நஷ்டத்துக்கு அடையாளமாகிவிடுகிறது என்று காட்டினார்கள். எண்ணெய் வயலுக்குப் பொருந்துவது கிளிப்பச்சை உடைக்கும் பொருந்தியது.

உடை உதவாது என்று தெரிந்ததும் அந்த அம்மாள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "பரவாயில்லீங்கய்யா. நமக்கு இது ஒத்து வராதுன்னு விட்டர்லாமுங்க." திட்டியிருந்தால் கூடப் பொறுத்திருப்பேன். அவர் கொடுத்த இரண்டாயிரத்தை அன்றே திருப்பிக் கொடுத்தேன். அந்த உடையின் குறைகளையும் சரியான அளவையும் எழுதி அதே குழுவில் மறுபடி ஏலம் விட்டேன். சிறிய பிள்ளை ஒருத்திக்காக ரூ. 2,100-க்குப் போயிற்று. ரூ. 2,750 நஷ்டம். என் கவனக்குறைவுக்கு நான் கட்டிய அபராதம் அது.

செப்டம்பரில் மறுபடி முயன்றோம். இம்முறை அளவுத் தாளும் எஸ்டிமேட்டும் என் கையில். முதலில் வந்த உடை 3,100-ஐத் தொட்டதும் போனை மூடி வைத்தேன். பெண் முகம் வாடியது. "தாத்தா, இன்னும் நூறு ரூபாதானே?" என்று கேட்டாள். அந்த நூறு ரூபாய்க்குப் பின்னால் இன்னொரு நூறு ரூபாய் நிற்கிறது என்று சொன்னேன். இரண்டு வாரம் கழித்து மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரையோடு ஒன்று வந்தது. எதிராளி 2,700-ல் நின்றார். 2,800-க்கு எனக்கு முடிந்தது. கூரியர் 150, தையல் 650 சேர்த்து ரூ. 3,600.

இங்கே ஒரு யுக்தி. ஆண்டு விழாவும் கலோத்சவமும் நெருங்கும் மாதங்களில் கேட்பவர் கூட்டம் அதிகம். போட்டிகள் முடிந்து பள்ளி மூடும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் விற்பவர் அதிகம், வாங்குபவர் குறைவு. பிள்ளை வளர்வாள் என்பதால் அப்போது வாங்குபவர்கள் உள்ளே துணி அதிகம் விட்ட உடையாகப் பார்த்து வாங்க வேண்டும்.

பாடம் 6: பணமும் பார்சலும்

ஏலம் முடிந்த மகிழ்ச்சியில் உடனே பணம் அனுப்பிவிடாதீர்கள். விற்பவர் யார், எந்த நாட்டியப் பள்ளிக் குழு, அவரைத் தெரிந்தவர் யார் என்று விசாரியுங்கள். உடையைக் கையில் வைத்து வீடியோ காலில் காட்டச் சொல்லுங்கள். படத்தை எங்கிருந்தோ எடுத்துப் போட்டவர் அங்கேயே நழுவிவிடுவார். முடிந்தால் பாதி முன்னே, பாதி உடை வந்த பின்னே என்று பேசுங்கள்.

விற்கும்போதும் எச்சரிக்கை தேவை. யுபிஐ மூலம் பணம் பெறுவதற்கு நாம் இரகசிய எண்ணைப் போட வேண்டியதும் இல்லை, கியூஆர் கோடை ஸ்கேன் செய்ய வேண்டியதும் இல்லை. "பணம் அனுப்புகிறேன், பின் நம்பரைப் போடுங்கள்" என்று யார் சொன்னாலும் அவர் திருடர். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். நாடு முழுவதற்கும் உள்ள சைபர் குற்ற உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது.

போட்டிக்கு மூன்று வாரம் முன்பே உடை வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று கணக்கு வையுங்கள். ஒரு வாரம் தையற்காரருக்கு. ஒரு வாரம் அந்த உடையிலேயே பிள்ளை ஆடிப் பழக. ஒரு வாரம் எதிர்பாராததற்கு. இடுக்கி அன்பர்கள் இன்னும் சில நாள் கூட்டிக்கொள்ள வேண்டும். ரயில் இல்லாத ஜில்லா; மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்தால் பார்சல் அடிவாரத்திலேயே தங்கிவிடும்.

பாடம் 7: வந்த உடையைக் காப்பது

பட்டு உடையைத் தண்ணீரில் போடாதீர்கள். விசிறி மடிப்பு கலைந்துவிடும், சாயமும் ஓடும். ஒருமுறை டிரை கிளீனிங் கொடுத்துவிட்டு, உள்பக்கத்தைப் புரட்டி நிழலில் காற்றாட விடுங்கள். அக்குள் பகுதியில் மெல்லிய பருத்தித் துணியால் ஒரு ஒட்டுத் தைத்துவிட்டால் வியர்வை அதிலேயே நின்றுவிடும். ஒட்டை மட்டும் பிரித்துத் துவைக்கலாம். பாலக்காட்டு வெயிலுக்கு இது மிகவும் அவசியம்.

இடுக்கியில் எதிரி ஈரம். வண்டிப்பெரியாறில் இருக்கும் என் தங்கை மகள், மகளுக்காக நல்ல உடை ஒன்றை நியாயமான விலைக்கு வாங்கி, பத்திரமாக இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் பையில் கட்டி அலமாரியில் வைத்தாள். ஜூனில் வைத்ததை ஆகஸ்டில் எடுத்தபோது ரவிக்கை முழுக்கப் பூஞ்சை பூத்திருந்தது. காற்றுப் போகாத பிளாஸ்டிக்தான் காரணம். பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். மழைக்காலத்தில் வெயில் தலைகாட்டும் நாளெல்லாம் வெளியே எடுத்து நிழலில் விரியுங்கள். பூச்சிக்கு வசம்பைச் சிறு துணியில் முடிந்து வைத்தால் போதும். பாச்சை உருண்டையை ஜரிகையின் மேல் படும்படி வைக்காதீர்கள். விசிறியை மடிப்போடு அடுக்கி, மேலும் கீழும் தளர்வாக ஒரு நூலோட்டம் விட்டு வைத்தால் அடுத்த முறை இஸ்திரி செலவு மிச்சம்.

பிறர் உடுத்தியதா?

இந்தக் கேள்வி பாடத்தில் அடங்காது. மஞ்சள் உடை வீட்டுக்கு வந்த அன்று பெண்ணின் பாட்டி அதைத் தொடவே மறுத்தார். "யாரோ உடுத்திக் கழிச்சத எம்பேத்திக்குப் போடோணுமா?" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் பெண்ணும் அழ ஆரம்பித்துவிட்டாள். பணக் கணக்கு எதுவும் அங்கே எடுபடவில்லை.

நான் அந்த மூதாட்டியிடம் ஒன்று கேட்டேன்: "அம்மா, நம்ம பக்கம் கதகளி ஆடறாங்களே, அந்தக் கிரீடமும் உடுப்பும் யாருது?" அவை ஆடுகிறவருக்குச் சொந்தமில்லை, குழுவின் பொதுச் சொத்து. நேற்று ஒருவர் இராவணனுக்கு வைத்ததை இன்று வேறொருவர் வைப்பார். ஆடும் நேரத்தில் அது தெய்வத்துக்கும் அசுரனுக்கும் உரிய உடை. நம் தெருக்கூத்திலும் வேஷச் சாமான் அப்படித்தான் கைமாறுகிறது. பாட்டி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "மாரியாத்தா காலடில வெச்சு எடுத்துட்டு வாங்க" என்றார். மஞ்சள் நீர் தெளித்து, அம்மன் சந்நிதியில் வைத்து எடுத்துவந்தபின் அவரே பேத்திக்கு மேலாக்கைப் பிடித்துவிட்டார். ஆகவே அன்பர்களே, பணத்தைச் சேமிக்கும் அவசரத்தில் வீட்டுப் பெரியவர்களின் மனத்தையும் பிள்ளையின் மனத்தையும் தாண்டிப் போய்விடாதீர்கள். ஏலத்துக்கு முன்பே இதைப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

அந்த வருடம் சித்தூர் உபஜில்லாப் போட்டியில் அவளுக்கு இரண்டாம் இடம், ஏ கிரேடு. ஜில்லாவுக்குப் போகவில்லை. அடுத்த வருடம் ரவிக்கையின் உள்துணியைப் பிரித்து விட்டு, அதே உடையில் முதலிடம் பெற்று ஜில்லா மேடையும் ஏறினாள். பள்ளிப் போட்டி, ஆண்டு விழா, திருவிழா எல்லாம் சேர்த்து அந்த உடை அவளோடு ஏழு மேடை கண்டது. ரூ. 3,600-ஐ ஏழால் வகுத்தால் மேடைக்கு ஏறக்குறைய ரூ. 514. இப்போது அவளுக்கு அது சிறிதாகிவிட்டது. விற்றுவிடலாமா என்று கேட்டேன். "வேண்டாந் தாத்தா, யாருக்காவது குடுத்தர்லாம்" என்றாள். உடையின் அளவுகளை ஒரு துணித் துண்டில் எழுதி ரவிக்கையின் உட்புறம் அவளே தைத்து வைத்திருக்கிறாள்.

இதை வைத்து நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். சங்க அறையில் ஒரு அலமாரியும் ஒரு பதிவுப் புத்தகமும் போதும். உடையின் அளவு, துண்டுகளின் எண்ணிக்கை, குறைகள், எடுத்த தேதி, திருப்பிய தேதி என்று ஐந்து பத்தி போட்டால் ஸ்டோர்ஸ் கணக்கு ரெடி. இடுக்கி அன்பர்களும் அங்கே இதுபோல ஒன்று தொடங்கினால் இரு பக்கமும் தாள் மாற்றிக்கொள்ளலாம். உங்கள் வீட்டு அலமாரியில் உறங்கும் நாட்டிய உடை இருந்தால் அளவெடுத்து எழுதி அனுப்புங்கள். மாம்பழ மஞ்சள் உடையை முதல் வரவாகப் பதியத் தயாராக இருக்கிறோம். பதிவுப் புத்தகத்தை எழுதும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.